பெட்டியில் 'ஹெச்.டி.ஆர்.' இருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கப் போகும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள்! பளீர் வெளிச்சமும் மையிருட்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிவதுதான் ஹெச்.டி.ஆர். ஆனால் பெட்டியில் 'ஹெச்.டி.ஆர்.10 சப்போர்ட்' என்றிருந்தால், அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அழகாகக் காட்டும் என்று அர்த்தமில்லை.

கடையில் நான் முதலில் தேடுவது 'வெசா' அமைப்பின் 'டிஸ்பிளே ஹெச்.டி.ஆர்.' முத்திரையை. 2017-ல் வந்தது. கூடவே உள்ள எண், திரை எட்டும் உச்ச வெளிச்சம். வெறும் 400 என்றால் கீழ்ப்படி. 600-ம் அதற்கு மேலும் என்றால், இருண்ட இடத்தில் மட்டும் பின்விளக்கு மங்கும். கறுப்பு சாம்பலாக வெளுக்காது.

பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் சாதாரண மானிட்டரே தாராளம். வெறும் பெயருக்காக எதுக்குங்க கூடுதல் பணம்? மிச்சத்தில் முதுகு நோகாத நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்களேன்!