மூன்று வாரப் படுக்கை, முப்பது வருட வயது

போன வாரத்து மூச்சுக் கணக்கு நினைவிருக்கும்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அங்கிருந்து தசைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். போவோம். அதற்கு முன் டல்லாஸ் நகரத்து ஐந்து பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க அவர்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ‘எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே’ என்று யார் சொன்னாலும் இப்போது உடனே மறுத்துப் பேசத் தோன்றுகிறது.

1966. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் மருத்துவக் கல்லூரி. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடாத காலம் அது. ஓய்வுதான் பெரிய மருந்து என்று உலகமே நம்பியது. அந்த ஓய்வு உடம்பை என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் பெங்ட் சால்ட்டினும் டல்லாஸ் மருத்துவர் ஜெரே மிட்செலும் அவர்களுடைய குழுவினரும் முடிவு செய்தார்கள். நோயில்லாத ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் 20 வயதை ஒட்டிய பருவம். இருவர் பயிற்சி செய்து பழகியவர்கள், மூவர் பழகாதவர்கள். மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

முழு மூச்சில் உழைக்கும்போது உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதுதான் தாங்குதிறனுக்கு மருத்துவர்கள் நம்பும் அளவு. ஐவரையும் படுக்க வைப்பதற்கு முன்பும் எழுப்பிய பின்பும் அதை அளந்தார்கள். மூன்றே வாரத்தில் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவும் குறைந்திருந்தது. பிறகு சுமார் எட்டு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். இழந்தது திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது. நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைக்கும் இன்றைய மருத்துவமனை வழக்கத்துக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு நல்ல ஆய்வு என்று சொல்லிவிட்டுத் தசைக்குப் போயிருப்பேன். ஆனால் 30 வருடம் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். ஐவரும் உயிரோடிருந்தார்கள், ஐவரும் வந்தார்கள்! இப்போது வயது 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ ஆகியிருந்தது. உடம்பில் கொழுப்பின் பங்கு 14 சதவீதத்திலிருந்து 28க்கு ஏறி இரு மடங்காகியிருந்தது. நம் ஊரில் நாம் தினமும் பார்க்கும் நடுவயது உடம்புதான்.

அவர்களுடைய தாங்குதிறன் எவ்வளவு குறைந்திருந்தது? சுமார் 12 சதவீதம். எடையால் வகுத்துப் பார்த்தால் சரிவு பெரிதாகத் தெரியும். அதே எஞ்சினுக்கு இப்போது 23 கிலோ கூடுதல் பாரம் அல்லவா? ஆனால் மொத்தத் திறனில் 30 வருட வயது செய்த சேதம், 20 வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தில் பாதிகூட இல்லை. இந்த வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

எதிர் வீட்டு அண்ணனுக்கு 52 வயது. மளிகைக் கடைக் கல்லாவில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுவார். “இனிமே என்ன தம்பி உடம்பு வளையும்? நாற்பதுலயே ஆரம்பிச்சிருக்கணும்” என்பது அவருடைய நிரந்தர பதில். டல்லாஸ் கதையை அவரிடம் சொன்னேன். நடுவில் இரண்டு பேருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், “அப்போ வயசு இல்ல, இந்தக் கல்லாதான்கிறியா?” என்றார். “பெரும்பங்கு கல்லாதான் அண்ணே” என்றேன்.

அடுத்த பகுதிதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. அந்த 50 வயதுக்காரர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். இளமையில் கொடுத்ததுபோல் முதல் நாளே போட்டு வாட்டவில்லை. நடை, மெல்லோட்டம், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் என்று குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முடிவில் வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை கொண்டுபோனார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்ற எல்லைக்குள் அடங்கும் நேரம்தான். ஆறு மாத முடிவில் 30 வருடத்தில் இழந்தது முழுதும் திரும்பியிருந்தது. இளமையில் பயிற்சிக்குப் பின் தொட்ட உச்சத்தை அவர்களால் தொட முடியவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 20 வயதில் முதல் நாள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது இருந்த அளவை எட்டிவிட்டார்கள்.

எடை எவ்வளவு குறைந்தது தெரியுமா? சராசரியாக நாலரை கிலோ. உடற்பயிற்சி தொடங்கியவர்களில் பாதிப் பேரை விரட்டுவது எடை பார்க்கும் மெஷின்தான் என்று இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து எழுதிவருகிறேன். ஒரு மாதம் நடந்தும் முள் அசையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முள் அசையாத அந்த மாதத்தில் இதயமும் ரத்தக்குழாயும் தசையும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

லண்டன் பேருந்துக் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1949இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிடத் தொடங்கினார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1953இல் வெளியிட்டார். ஓட்டுநர்கள் பருமனானவர்கள், அதனால்தானே என்று கேள்வி வரும் அல்லவா? சீருடைக்கு எடுத்த இடுப்பளவுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எந்த வகையிலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவு. தையற்கடை அளவை வைத்து இதயத்தைப் படித்த அந்த மனிதர் 99 வயது வரை வாழ்ந்தார். சென்னையில் மாடிப் பேருந்து ஓடிய நாட்களில் நம் நடத்துநர்களையும் யாராவது இப்படி அளந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது.

சரி, அளவுக்கு வருகிறேன். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் முதல் நாளே எட்டையும் நடந்து முடித்துவிட்டு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை எனக்குத் தெரியும். பழகாத உழைப்பின் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். அரை கிலோமீட்டரில் திரும்பிவிடுங்கள். மறுநாளும் போக முடிகிற தூரம்தான் உங்கள் தூரம். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. மூன்று நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

மூச்சு சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண்கள் அவ்வளவு வேகமாகத் தேறாது, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு தேறிய உற்சாகத்தில் மூன்றாவது வாரம் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்களின் குதிகாலும் முழங்காலும் அப்போதுதான் முனகும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

தசை எங்கே என்று கேட்பீர்கள். டல்லாஸ் கதையிலேயே இருக்கிறது. 50 வயதில் அவர்கள் திறனை மீட்டது இதயம் அதிக ரத்தம் தள்ளியதால் அல்ல. வந்த ரத்தத்திலிருந்து தசைகள் முன்னைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளப் பழகியதால். எப்படிப் பழகின என்பது ஒரு முழு வாரத்துக்கான விஷயம். அதற்குள் ஒன்று செய்து வையுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழைப் படிக்கும்போது அந்த எண் கையில் இருக்கட்டும்.