மும்பை ஐஸ்கிரீம் கடைகள்

மும்பை ஐஸ்கிரீம் கடைகள் என்பது மகாராட்டிர மாநிலத் தலைநகரான மும்பையில் நெடுங்காலமாக ஐஸ்கிரீம் (பனிக்கூழ்), குல்ஃபி, ஃபலூதா ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற கடைகளைக் குறிக்கிறது. இவற்றுள் சில நூறு ஆண்டுகளைக் கடந்தவை. ஒரே பாலும் சர்க்கரையும் கடைக்குக் கடை எவ்வாறு வேறுபட்ட பண்டமாகின்றன என்பதை அறிந்துகொள்ள இக்கடைகள் நல்ல சான்றுகள்.

கடலோர நகரமான மும்பையில் குளிர்காலம் பெயரளவுக்கே உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். மழைக்காலம் முடிந்தபின் அக்டோபரில் மீண்டும் ஒருமுறை வெப்பம் ஏறும். இத்தகைய ஊரில், மின் குளிர்பதனப் பெட்டி பரவுவதற்கு முன்பு, ஐஸ்கிரீம் கடைந்த இடத்திலேயே உண்ண வேண்டிய பண்டமாக இருந்தது. தொலைவுக்கு எடுத்துச் சென்றால் உருகிவிடும். பழைய கடைகள் ஒவ்வொன்றும் ஒரு தெருவோடும், ஒரு சமூகத்தோடும், ஒரு செய்முறையோடும் ஒட்டி வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வரலாறு

இந்தியத் துறைமுக நகரங்களுக்குப் பனிக்கட்டி முதலில் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகரான பிரெடெரிக் டியூடர், அப்பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து ஏற்றுமதி செய்தார். 1833 மே மாதம் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட அவரது கப்பல், நான்கு மாதப் பயணத்துக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. மரத்தூள் போன்ற வெப்பம் கடத்தாப் பொருள்களால் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்திருந்ததே இதற்குக் காரணம்.

விரைவில் பம்பாய்க்கும் பனிக்கட்டி வரத் தொடங்கியது. பார்சி வணிகரும் கொடையாளருமான ஜம்செட்ஜி ஜீஜீபாய் 1834இல் தம் வீட்டு விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினார் என்பது இந்நகரின் ஐஸ்கிரீம் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. விருந்துக்குப் பின் வீட்டுக்காரருக்கும் விருந்தினருக்கும் சளி பிடித்ததாகக் குஜராத்தி நாளிதழான பம்பாய் சமாச்சார் எழுதியது.

வந்திறங்கிய பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் பம்பாயின் கப்பல்துறைக்கு அருகே ஒரு பனிக்கட்டி இல்லம் கட்டப்பட்டது. அது இன்று இல்லை. அதே காலத்தில், அதே வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடம் மட்டும் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. சென்னையின் ஐஸ் ஹவுஸ் பகுதிக்கு அப்பெயர் வந்ததும் இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பனிக்கட்டியை இயந்திரத்தால் உள்ளூரிலேயே செய்ய முடிந்தபின் கப்பல் பனி வணிகம் நின்றுபோனது. செல்வர் வீட்டு விருந்துப் பண்டமாக இருந்த ஐஸ்கிரீம் கடைத்தெருவுக்கு வர அது வழிசெய்தது.

உப்பும் பனிக்கட்டியும்

பழைய கடைகள் சஞ்சா எனப்படும் கைக்கடைசல் பொறியைப் பயன்படுத்தின. மர வாளி ஒன்றின் நடுவே உலோகக் குடுவை இருக்கும். குடுவைக்குள் பால் கலவையும், குடுவைக்கும் வாளிக்கும் இடையே உடைத்த பனிக்கட்டியும் கல்லுப்பும் இடப்படும். மேலுள்ள கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கலவை மெல்ல உறையும்.

இதில் உப்பின் பங்கு இன்றியமையாதது. வெறும் பனிக்கட்டி 0 பாகை செல்சியசில் உருகும். பால் கலவையில் சர்க்கரை கரைந்திருப்பதால் அது 0 பாகையில் உறையாது. அதற்கும் சில பாகை கீழே சென்றாக வேண்டும். ஆகவே வெறும் பனிக்கட்டியைக் கொண்டு ஐஸ்கிரீம் செய்ய இயலாது. உப்பு சேரும்போது பனிக்கட்டியின் உருகுநிலை இறங்குகிறது. தகுந்த அளவில் கலந்தால் சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரையிலும் அது இறங்கக்கூடும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பனிக்கட்டி பெரும்பாலும் நடுவிலுள்ள பால் கலவையிலிருந்து எடுத்துக்கொள்வதால் கலவை குளிர்ந்து உறைகிறது.

கடைவதன் நோக்கம் இரண்டு. முதலாவது, குடுவையின் உட்சுவரில் படியும் பனித்துகள்கள் பெரிதாவதற்குள் சுரண்டிக் கலப்பது. துகள் சிறியதாக இருந்தால் நாவில் வழவழப்பாக இருக்கும். பெரியதானால் மணல் போல நெருடும். இரண்டாவது, கலவைக்குள் காற்றைச் சேர்ப்பது. கையால் மெதுவாகக் கடையும்போது குறைந்த காற்றே சேரும். ஆலைப் பொறிகளில் கலவையின் கன அளவு ஏறத்தாழ இரு மடங்காகும் வரைகூடக் காற்றைச் சேர்க்க முடியும். கைக்கடைசல் ஐஸ்கிரீம் கரண்டிக்குக் கனமாகவும், மெல்லும்போது அடர்த்தியாகவும் தோன்றுவதன் காரணம் இதுவே.

பெயர்பெற்ற கடைகள்

தாஜ் ஐஸ்கிரீம், பேண்டி பஜார்: 1887இல் தொடங்கிய இக்கடை நகரின் மிகப் பழைய ஐஸ்கிரீம் கடைகளுள் ஒன்று. தாவூதி போரா முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் போரி மொகல்லாவில் உள்ளது. சஞ்சாவில் கையால் கடைவதே இதன் சிறப்பு. பழத்தின் சதையைப் பாலுடன் கடைந்து செய்யும் சீத்தாப்பழம், மாம்பழம், கொய்யா போன்ற வகைகளுக்காக மக்கள் தேடி வருகின்றனர். குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட போரா மக்கள் தால் எனப்படும் பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்பர். சிட்டிகை உப்பில் தொடங்கி, அடுத்து இனிப்பை உண்பது அவர்களின் வழக்கம். அந்த முதல் இனிப்பு பல விருந்துகளில் ஐஸ்கிரீமாகவே இருக்கும். உணவின் முடிவில் ஐஸ்கிரீம் உண்டு பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

பாத்ஷா, கிராஃபோர்டு சந்தை: 1905 முதல் இயங்கும் குளிர்பானக் கடை. ஃபலூதாவுக்குப் பெயர்போனது. உயரமான கண்ணாடிக் குவளையில் ரோஜா சர்பத், ஊறவைத்த சப்ஜா விதை, மெல்லிய சேமியா, குளிர்ந்த பால் ஆகியவற்றின் மேல் ஐஸ்கிரீம் வைத்துத் தருவர். பார்சிகள் நவ்ரோஸ் திருநாளில் வீட்டில் ஃபலூதா செய்வது வழக்கம்.

பார்சி டெய்ரி ஃபார்ம், பிரின்சஸ் தெரு: 1916இல் நாரிமன் அர்தேஷிரால் தொடங்கப்பட்ட பால்பண்ணைக் கடை. இங்குள்ள மலாய் குல்ஃபி பெயர்பெற்றது.

கே. ரஸ்டம், சர்ச்கேட்: 1953இல் தொடங்கிய பார்சிக் குடும்பக் கடை. பிராபோர்ன் விளையாட்டரங்கக் கட்டடத்தில் அமைந்துள்ளது. கட்டியாக வெட்டிய ஐஸ்கிரீமை இரண்டு மெல்லிய வேஃபர் பிஸ்கட்டுகளுக்கு இடையே வைத்துத் தருவர். கிண்ணமும் கரண்டியும் தேவையில்லை. வாங்கியவுடன் உண்ணத் தொடங்காவிட்டால் விரல் வழியே வழிந்துவிடும் என்பதால், கடை வாசலில் நின்றபடியே உண்போரை எந்நேரமும் காணலாம். மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை நடைத்தொலைவில் உள்ளது.

நியூ குல்ஃபி சென்டர், கிர்காவ் சௌபாத்தி: கடற்கரைக்கு எதிரே உள்ள இக்கடையில் குல்ஃபியை வெட்டித் துண்டுகளாக்கி, தராசில் எடை போட்டு விற்கின்றனர். குல்ஃபியைக் கடைவதில்லை. பாலை நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்து, அச்சில் ஊற்றி அசையாமல் உறையவிடுகின்றனர். காற்று சேராததால் குல்ஃபி இறுகியிருக்கும். ஐஸ்கிரீமைவிட மெதுவாக உருகும். வெப்ப நாட்டுக்கு மிகவும் ஏற்ற பண்டம் எனலாம்.

அப்சரா, வால்கேஷ்வர்: 1971இல் தொடங்கியது. கொய்யா ஐஸ்கிரீமின் மேல் மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருவது இங்கு விரும்பப்படுகிறது. பள்ளி வாசலில் உப்பு, மிளகாய் தூவிய கொய்யாக் கீற்று வாங்கித் தின்றவர்களுக்கு அதன் பொருத்தம் எளிதில் விளங்கும்.

நேச்சுரல்ஸ், ஜூகு: கருநாடகத்தின் மங்களூர்ப் பகுதியில், பழ வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரகுநந்தன் காமத் 1984 பிப்ரவரி 14 அன்று ஜூகுவில் தொடங்கிய கடை. தொடக்கத்தில் பாவ் பாஜியும் விற்கப்பட்டது. காரமான பாவ் பாஜி உண்டவர்கள் ஐஸ்கிரீமைத் தேடுவர் என்பது அவரது கணக்கு. பழம், பால், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டே சுவையைக் கொண்டுவருவது இக்கடையின் கொள்கை. இளநீர் வழுக்கையைச் சேர்த்துச் செய்யும் வகை மிகவும் புகழ்பெற்றது. இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. காமத் 2024 மே மாதம் காலமானார்.

பருவமும் பழமும்

பழ ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை, எந்தக் கடைக்குச் செல்வது என்பதைப் போலவே எந்த மாதத்தில் செல்வது என்பதும் முக்கியம். கொங்கண் கடற்கரையின் இரத்தினகிரி, தேவ்கட் பகுதிகளிலிருந்து அல்போன்சா மாம்பழம் ஏப்ரல், மே மாதங்களில் மிகுதியாக வரும். நாவற்பழம் மழை தொடங்கும் நேரத்தில் கிடைக்கும். சீத்தாப்பழத்தின் காலம் மழைக்குப் பிந்தைய மாதங்கள். மகாபலேஷ்வர் மலைப்பகுதியின் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்தில் வரும். இளநீர் ஆண்டு முழுவதும் உண்டு.

பருவம் தவறிக் கேட்டால் பழைய கடைகளில் அவ்வகை கிடைக்காமல் போகலாம். அதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கிடைக்கும் பழத்தைக் கொண்டு செய்கின்றனர் என்பதற்கு அது அடையாளம்.

பெயரைப் பார்த்து வாங்குதல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி, ஐஸ்கிரீம் எனப் பெயரிட்டு விற்கப்படும் பண்டத்தில் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதனினும் குறைந்தால், நடுத்தரக் கொழுப்பு அல்லது குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம் எனக் குறிப்பிட வேண்டும். பால் கொழுப்புக்கு மாற்றாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தவை ஃபுரோசன் டெசர்ட் என்ற பெயரில்தான் விற்கப்பட வேண்டும். இரண்டும் கடையில் ஒரே பெட்டியில் அருகருகே இருக்கக்கூடும் என்பதால், உறையைப் படித்துப் பார்ப்பது நல்லது.

காற்றின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையாமல் எடை இருக்க வேண்டும். பெட்டிகளில் அளவு பெரும்பாலும் மில்லிலிட்டரில் தரப்படுவதால், ஒரே அளவுள்ள இரு பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே காற்று எதில் மிகுதி என்பது ஓரளவு புலப்படும்.

உண்ணும்போது பெரிய பனித்துகள்கள் பல்லில் கடிபட்டால், அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்ததாக இருக்கலாம். மின்வெட்டின்போதும், வண்டியில் கொண்டுசெல்லும்போதும் இவ்வாறு நேரும். உருகிய ஐஸ்கிரீமில் நுண்ணுயிர்கள் பெருகக்கூடும்; மீண்டும் உறையவைப்பதால் அவை அழிவதில்லை. எனவே குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அத்தகையதைத் தவிர்ப்பது நன்று.

இன்றைய நிலை

குளிர்பதன வண்டிகளும் பெட்டிகளும் பெருகியபின், ஐஸ்கிரீமைக் கடைந்த தெருவிலேயே உண்ண வேண்டும் என்ற கட்டாயம் மறைந்துவிட்டது. ஓரிடத்தில் செய்து நாடெங்கும் அனுப்ப முடிகிறது. விலையும் பலரின் கைக்கெட்டும் அளவுக்கு வந்துள்ளது. அதே வசதி, ஒரு தெருவுக்கு மட்டும் கடைந்து தரும் கடைகளைக் கடுமையான போட்டிக்கு உள்ளாக்கியுள்ளது. சஞ்சாவைச் சுற்றுவது உடலுழைப்பு மிகுந்த வேலை. பனிக்கட்டி உடைப்பதும், உப்பிடுவதும், கலவை இறுகும் பதத்தைக் கையால் உணர்வதும் பழக்கத்தால் வருபவை. அவற்றைக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆள் இல்லாவிட்டால், பொறி இருந்தும் பயனில்லை.

கடைகளைச் சுற்றியுள்ள நகரமும் மாறிவருகிறது. பேண்டி பஜாரில் ஏறத்தாழ 16.5 ஏக்கர் பரப்பிலுள்ள சுமார் 250 பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பும் மறுசீரமைப்புத் திட்டத்தை, போரா சமூகத்தினர் அமைத்த சைஃபீ புர்ஹானி மேம்பாட்டு அறக்கட்டளை செயல்படுத்திவருகிறது. பாழடைந்த கட்டடங்களில் நெருக்கடியில் வாழ்ந்தவர்களுக்குப் பாதுகாப்பான வீடு கிடைப்பது தேவையான மாற்றம். நடந்து வந்து வாசலில் நின்று உண்ணும் வாடிக்கையாளரை நம்பி வாழ்ந்த சிறு கடைகள் புதிய கட்டட அமைப்பில் எவ்வாறு நிலைபெறும் என்பது, அங்கு வாழ்வோரும் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து விடை காண வேண்டியதாக உள்ளது.

மேற்கண்ட கடைகளுள் பல தென்மும்பையில் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. சர்ச்கேட், மரைன் லைன்ஸ் ஆகிய மேற்கு வழித்தட நிலையங்களிலும், பேண்டி பஜாருக்கு அருகிலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் சாலை நிலையத்திலும் இறங்கி இவற்றை அடையலாம். ரமலான் மாத இரவுகளில் பேண்டி பஜாரிலும் அதையொட்டிய முகமது அலி சாலையிலும் கூட்டம் மிகும். அமைதியாக அமர்ந்து உண்ண விரும்புவோர் மற்ற மாதங்களில் பிற்பகல் வேளையில் செல்வது வசதியாக இருக்கும்.