பெற்றோல் வாடையை அலட்சியம் செய்யலாமா?



வாப்பா காலத்து மொரிஸ் மைனர் காரை இன்றும் பேணி ஓட்டுகின்ற வீடுகள் நம் நாட்டில் உண்டு. காலையில் கராஜ் கதவைத் திறந்ததும் பெற்றோல் வாடை வீசினால், "பழைய கார்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். இது ஆபத்தான பேச்சு.

இந்தக் காரில் கார்புரேட்டரும் சூடேறும் எக்ஸோஸ்ட் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்திலேயே இருக்கின்றன. கசியும் பெற்றோல் அதன்மேல் சொட்டினால் தீப்பற்றலாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு பரவி, பக்கத்திலுள்ள குசினி அடுப்பு வரையும் வந்துவிடும்.

ஆகவே, வாடை வந்தால் அடுப்பை அணையுங்கள். கராஜுக்குள் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, காரை ஸ்டார்ட் செய்யாமல் வெளியே தள்ளச் செய்யுங்கள்.

சரி, கசிவு எங்கே? கார்புரேட்டரின் பக்கத்தில் சிறு கிண்ணம் போன்ற ஓர் அறை உண்டு. அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெற்றோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, ஓர் ஊசி வால்வைத் தள்ளி வழியை அடைத்துவிடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் பந்து செய்யும் வேலையும் இதுதானே!

சிந்திய பெற்றோல் முற்றாகக் காய்ந்து வாடையும் நீங்கிய பின், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, அறை நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க, அறையின் மேலுள்ள வழிகுழாயால் பெற்றோல் வடிந்தால், உடனே திறப்பை நிறுத்துங்கள். குற்றம் ஊசி வால்விலோ மிதவையிலோதான். வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது அது தேய்ந்திருக்கலாம். பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால், ஓட்டையானதற்குள் பெற்றோல் சலசலக்கும். வழிகுழாய் காய்ந்திருந்து கார்புரேட்டரின் அடிப்பகுதி மட்டும் நனைந்திருந்தால், அங்குள்ள சீல்கள் பழுதாகியிருக்கக்கூடும். றப்பர் குழாய்களின் வெடிப்பையும் பாருங்கள்.

கழற்றிப் பூட்டுவது மெக்கானிக்கின் வேலை. ஆனால் அவரிடம் "வாடை வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம் நனைந்தது, பம்பின் சத்தம் நின்றதா என்றும் சொல்லுங்கள். சின்ன வால்வு ஒன்றை மாற்றினால் தீரும் குறைக்கு முழுக் கார்புரேட்டரையும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும், அதே சோதனையை உங்கள் முன்னிலையில் மீண்டும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் எழும் வாடையை முதலில் அறிபவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.