சீட்டுக்கு அடியில் அரிவாள் வேண்டாம்

நள்ளிரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படும் விவசாயிகள் சிலர், வழித்துணைக்கு என்று ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அரிவாள் ஒன்றைச் செருகி வைப்பதுண்டு. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் அதுவே வம்பாகிவிடும்.

வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகளை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்கள் இருந்தாலும், விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. கதிர் அரிவாள், மண்வெட்டிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால், 'பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்' என்று நாமே சொல்லிவிட்டால் அந்த வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும். வீச்சரிவாள் என்றால் கேட்கவே வேண்டாம். அறுவடைக் கருவிகளைச் சாக்கில் சுற்றி, பின்பக்கம் கூடைகளோடு கட்டி எடுத்துச் செல்வதே நல்லது.

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் காயப்படுத்த அதில் இடமில்லை. பணம் பறிக்க வந்தவன் வெறுங்கையோடு ஓடத் தொடங்கிய பிறகு வெட்டினால், வழக்கு நம் மேல்தான்.

குனிந்து அரிவாளை எடுப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள். பிடுங்கிக்கொண்டால் இன்னும் மோசம். மிளகாய்ப்பொடி, காற்றடித்தால் நம் கண்ணுக்கே வரும். மிளகு ஸ்பிரே வாங்கினால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடக் கூடாது. சூட்டில் டப்பா வெடிக்கலாம். நல்ல டார்ச், சார்ஜ் உள்ள செல்போன், உள்ளே பூட்டிய கதவு, கூடவே வரும் இன்னொரு வண்டி, இவைதான் கைகொடுக்கும். அவசரத்துக்கு 112. விற்ற பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டால், திரும்பும்போது பறிக்க மடியிலும் ஒன்றும் இருக்காது.