வேலையை விட்ட பின் மின்னஞ்சல் எங்கே வரும்?

கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவிகளை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார். சில நாள்களில், அலுவலகம் அவருக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல் கணக்கு மூடப்படுகிறது. தொல்லை அதன் பிறகுதான் தெரிகிறது. வருமான வரிக்கும் வங்கிக்கும் அவர் கொடுத்திருந்த முகவரி அதுவே. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், உறுதிசெய்யும் அஞ்சல் மூடிய பெட்டிக்கே போகிறது!

இந்த இக்கட்டைத் தவிர்ப்பது எப்படி? சொந்த உபயோகத்துக்கு எந்த மின்னஞ்சல் நிரலைத் தேர்ந்தெடுப்பது? விடை காணுமுன், மின்னஞ்சல் இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொள்வோம்.

முகவரி, பெட்டி, நிரல்

மின்னஞ்சல் என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது முகவரி. 1971-இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் செய்தி அனுப்பும் முறையை வகுத்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட @ என்னும் குறியைக் கையாண்டார். இன்றும் அதே முறைதான். குறிக்கு முன்னால் இருப்பது உங்கள் பெயர்; பின்னால் இருப்பது டொமைன் எனப்படும் களப்பெயர். அஞ்சலுக்கு வழிகாட்டுவது இந்தக் களப்பெயரே.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் ஒப்புமை உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. உறையின் மேல் பழைய மாவட்டப் பெயரை எழுதினாலும், 606202 என்ற எண் இருந்தால் கடிதம் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடும். அந்த ஆறிலக்க எண் அஞ்சலகத்தைச் சுட்டுவதே காரணம். மின்னஞ்சலில் அந்த வேலையைச் செய்வது களப்பெயர். அது யாருக்குச் சொந்தமோ, அவர் கையில்தான் முகவரியின் ஆயுள் இருக்கிறது.

இரண்டாவது, பெட்டி. வந்த அஞ்சல்களைச் சேர்த்துவைக்கும் இது, சர்வர் எனப்படும் தொலைதூரக் கணினியில் உள்ளது. முகவரி மாறாமலே பெட்டியை இடம் மாற்றலாம். மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மின்னஞ்சல், தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் செய்தி வெளிவந்தது. ஆனால் முகவரிகள் மாறவில்லை. களப்பெயர் அரசிடமே இருந்தது அல்லவா?

மூன்றாவது, நிரல். பெட்டியைத் திறந்து படிக்கவும் பதில் எழுதவும் நம் கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் கருவி இது.

பொது மொழி

நிரலும் பெட்டியும் வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேச முடிவது எப்படி? எல்லோருக்கும் பொதுவான விதிமுறைகள் இருப்பதால்தான். அஞ்சலை அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை 1982-இல் ஜான் போஸ்டல் வெளியிட்டார். பெட்டியில் உள்ளதைப் படிப்பதற்கான ஐமேப் விதிகளை 1986-இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார்.

இவ்விதிகளின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். விண்டோஸ் கணினிகளுடன் வந்த ‘மெயில்’ நிரலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திக்கொண்டது. ஐமேப் வழியாக அதைப் பயன்படுத்தியவர்களின் அஞ்சல்கள் சர்வரில் பத்திரமாக இருந்தன. வேறொரு நிரலை நிறுவியதும் அவை மீண்டும் கண்முன் வந்தன.

தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆகவே நிரலின் அழகைவிட, பின்வரும் மூன்று கேள்விகளே முக்கியம்.

ஒன்று: ஐமேப் முறை அதற்குத் தெரியுமா? பெட்டியும் அதற்கு இடம் தரவேண்டும். சில இலவசக் கணக்குகள் இடம் தருவதில்லை.

இரண்டு: இணைய இணைப்பு இல்லாதபோதும் அஞ்சலைப் படிக்கலாமா? கல்வராயன் மலையில் வாழ்பவருக்கு இது பெரிய கேள்வி. கைபேசிக் கோபுரத்தின் நுண்ணலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், இடையில் குன்று நின்றால் அதன் பின்புறம் ‘நிழல்’ விழுகிறது. இணைப்பு கிடைக்கும்போது அஞ்சல்களை இறக்கிவைத்துக்கொள்ளும் நிரல் இருந்தால், வெள்ளிமலையில் இறக்கியதைச் சமிக்ஞை இல்லாத சிற்றூரில் அமர்ந்து படிக்கலாம். பதிலையும் எழுதி வைக்கலாம். இணைப்பு வந்ததும் அது புறப்படும்.

மூன்று: அஞ்சல்களை வெளியே எடுத்து வேறு நிரலில் வைக்க முடியுமா? 2004-இல் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்டு என்னும் இலவச நிரல், அஞ்சல்களை எம்பாக்ஸ் என்ற திறந்த வடிவில் சேமிக்கிறது. பிற நிரல்கள் பலவும் அவ்வடிவத்தைப் படிக்கும். 2024 முதல் அது ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் கிடைக்கிறது.

விடைபெறும் முன்

இனி நடைமுறைக்கு வருவோம். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே சொந்த முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். வங்கி, வருமான வரி, வைப்புநிதி, காப்பீடு ஆகியவற்றில் அதைப் பதிவு செய்யுங்கள். பழைய பெட்டி திறந்திருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். ஏனெனில் மாற்றத்தை உறுதிசெய்யும் அஞ்சல் சில வேளைகளில் பழைய முகவரிக்கு வரக்கூடும்.

சொந்தக் கடிதங்களை, அலுவலக விதிகள் இடம் தருமானால், கணினியில் உள்ள தனி உறைக்குப் படியெடுங்கள். ஐமேப் முறையில் நாம் திரையில் காண்பது சர்வரில் இருப்பதன் பிரதிபிம்பம். அங்கே அழிந்தால் இங்கேயும் மறையும். உள்ளூர் உறையில் வைத்த படிக்கு அந்த ஆபத்து இல்லை. அலுவலகக் கடிதங்கள் அலுவலகத்துக்கே உரியவை, அவற்றைத் தொடவேண்டாம்.

களப்பெயரையே விலைக்கு வாங்கிக்கொள்ள விரும்புவோரும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் குறித்த காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் அதை வேறொருவர் வாங்கி, உங்களுக்கு வரும் அஞ்சலைப் பெற்றுவிடலாம். இலவசக் கணக்கிலும் கவனம் தேவை. ஈராண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் நிறுவனம் 2023-இல் அறிவித்துள்ளது.

நிரலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியையும் சற்று முயன்றால் மாற்றலாம். இழந்தால் மீட்க அரியது முகவரி ஒன்றே. அதனால், நிரலைத் தேடுமுன் உங்கள் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயர் யாருடையது என்று இன்றே பாருங்கள்.