எல்லவோடு நின்றுவிடும் சுற்றுலா

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் எல்லவில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் தண்டவாளம் சுமார் 20 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை, ஹாலிஎல, கடைசியில் பதுளை. அந்த மிச்சத் தூரத்தில் ஏறி இறங்குபவர்கள் தோட்டத்து மக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போய் வருபவர்கள். சுற்றுலா மீண்டது, மீண்டது என்கிறோமே, அது யாருக்கு மீண்டது என்று கேட்டால் பதில் இந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது.

மீட்சி உண்மைதான். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும் கொரோனாவும் அதைக் குலைத்துப் போட்டன. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சம் பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டு எரிபொருளுக்கே வரிசை. ஆனால் 2024இல் எண்ணிக்கை மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வெல்லவாய வீதியில் சிறிய கடைத்தெருவாக இருந்த எல்ல, இன்று மலைச்சரிவு முழுக்க விடுதிகளாகிக் கிடக்கிறது.

இந்த ரயில் பாதை பயணிகளுக்காகப் போட்டதல்ல. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 பெப்ரவரியில். பட்டிப்பளை நிலையம் 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளையோ 700 மீற்றரையும் எட்டாது. இவ்வளவு உயரத்தைச் செங்குத்தாக இறங்க ரயிலால் முடியாது. அதற்குத் தெமோதரையில் கண்ட வழி இன்றைக்கும் ஆளை அசத்தும். பதுளைப் பக்கம் போகும் ரயில் முதலில் நிலையத்தில் நிற்கும். பிறகு குன்றைச் சுற்றிக்கொண்டு மெல்லக் கீழிறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறும். பாதை தன்னையே தன் கீழாகக் கடக்கிறது. எல்லவில் இறங்கியவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

அவர்கள் படம் எடுக்கும் பச்சைச் சரிவும் இயற்கையாக அமைந்ததல்ல. ஒரே மட்டமாகத் தெரியும் அந்தத் தேயிலை, கவ்வாத்து வெட்டி, புல் பிடுங்கி, நாள் தவறாமல் கொழுந்து எடுத்து மனிதக் கை வைத்திருக்கும் மட்டம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் வீசும் வறண்ட காற்றில்தான் இந்தத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாவின் பெயர் நிற்பது அதனால். அந்தக் காற்றில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு, தோட்டம் சொல்லும் கிலோ சேர்ந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. எல்லவில் சுமாரான ஓர் அறையின் ஓர் இரவு வாடகைக்கு அந்தச் சம்பளத்தில் அவர் பல நாள் மலையேற வேண்டும்.

அப்படியானால் அவரும் ஓர் அறையை வாடகைக்கு விடலாமே, ஒரு தேத்தண்ணிக் கடை போடலாமே என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இலிருந்து அவை கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின; பின்னர் நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. தலைமுறை தலைமுறையாக லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டின் காம்பராவில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. காணி உறுதி இல்லாத இடத்தை வைத்து வங்கியில் கடன் வாங்க முடியாது, விடுதியாகப் பதிய முடியாது, தோட்டத்தைக் கேட்காமல் ஒரு சுவர்கூடக் கட்ட முடியாது. 1948இல் இந்த மக்களிடமிருந்து பறித்த பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003இல்தான் சட்டப்படி முடிந்தது. நிலவுரிமை இன்னும் பாக்கி.

இது வருமானக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் உண்டென்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. போவதற்கு வேறு காணி இருந்ததா? 2025 ஒக்டோபரில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்குப் பண்டாரவளையில் வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார்கள். நல்ல காரியம். அடுத்த மாதமே டித்வா புயல் வந்து மலையகத்தை உலுக்கியது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள், மலையக ரயில் பாதையிலும் பெரும் சேதம். பாதையைச் சீர்செய்ய வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள், சரியே. அந்தப் பாதைக்கு மேலும் கீழும் உள்ள லயங்களுக்காகவும் அதே அளவு சத்தம் எழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயணிகளாகிய நம்மால் காணி வழங்க முடியாது. ஆனால் பணம் எங்கே இறங்குகிறது என்பதை நம்மால் மாற்ற முடியும். அடுத்த முறை, ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, எல்லவில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போங்கள். பதுளையில் தங்குங்கள். முத்தியங்கனை விகாரை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, பசறை வழியாக நமுனுகுல மலை என்று பார்க்க எவ்வளவோ உண்டு. சாப்பாட்டை ஊர்க்கடையில் சாப்பிடுங்கள். மலையில் கொழுந்தெடுப்பவரைப் படம் எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழ் தெரிந்த நமக்கு அதற்கு வழிகாட்டிகூடத் தேவையில்லை.