தோட்டத்துப் பிள்ளையும் ஆசிரியர் கடமையும்

பாடசாலையின் வரவு இடாப்பைப் பலரும் எண்ணிக்கைக்காகவே பார்க்கின்றனர். அதனைக் கருத்தூன்றி வாசிக்கும் ஆசிரியருக்கோ, அது ஒரு குடும்பத்தின் வறுமையையும் எடுத்துரைக்கும். சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறங்களிலே கற்பிப்போர் இதனை நன்கு உணரலாம்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தேயிலையோடு இறப்பரும் விளைகின்றது. காலைக் குளிரிலேதான் இறப்பர்ப் பால் நன்கு வடியும். ஆதலின் வெயில் ஏறுமுன்னரே பால் வெட்டுவோர் மலைக்குச் சென்றுவிடுவர். மரப்பட்டை மழையில் நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளிற் பெரும்பாலும் கூலியும் இல்லை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கடுமையாகப் பெய்யும். மழை நாள்கள் மிகுந்தால் சம்பளம் சுருங்கும். அப்பொழுது பிள்ளையின் காலையுணவும் பேருந்துக் கட்டணமும் குறைகின்றன. பிள்ளைக் காம்பராவில் விட இயலாத கைக்குழந்தை வீட்டில் இருப்பின், மூத்த பெண்பிள்ளை அதனைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறாள். இடாப்பில் விழும் குறிகளுக்குப் பின்னே இத்தகைய காரணங்கள் உள்ளன. இவற்றை அறியாத ஆசிரியர் அப்பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வார்.

பெற்றோரிடத்தும் இவ்வாறே தவறான கருத்துக் கொள்கின்றோம். இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே நீடித்தன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இவ்வரலாற்றின் பின்வந்த தாயொருத்தி பெற்றோர் கூட்டத்திற்கு வராதிருப்பது அக்கறையின்மையாலன்று. அன்றைய கூலியை இழக்க அவளால் இயலாது. எழுத்தறியாத கூச்சமும் அவளைத் தடுக்கக்கூடும்.

அரசு 1980 முதல் பாடநூல்களையும் 1993 முதல் சீருடைத் துணியையும் இலவசமாக வழங்கி வருகின்றது. ஆயினும் கொப்பியும் சப்பாத்தும் பயணச் செலவும் எஞ்சி நிற்கின்றன. நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களினிடையே சிதறி வாழ்கின்றனர். ஆதலின் உயர் வகுப்புகள் கொண்ட தமிழ்ப் பாடசாலை பலருக்குத் தொலைவிலேயே உள்ளது. 2016 முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயமாயிற்று. எனினும் தோட்டப் பாடசாலையின் இறுதி வகுப்பைத் தாண்டும் வேளையிலேதான் பிள்ளைகள் நம் கையை விட்டு நழுவுகின்றனர்.

ஆசிரியர் செய்யத்தக்கவை யாவை? பணம் கட்டாதோர் பெயரை வகுப்பிலே உரக்க வாசித்தல் கூடாது. தனியே அழைத்துப் பேசுதல் வேண்டும். லயத்து ஒற்றை அறையிலே படிக்க இடமில்லாத பிள்ளைக்கு, வீட்டுவேலையைப் பாடசாலையிலேயே முடிக்க நேரம் ஒதுக்கலாம். மழைக்காலத்தில் தவறிய பாடங்களை மீட்டுக் கற்பிக்கத் தனி வேளையொன்று வகுக்கலாம். பெற்றோர் கூட்டத்தை வேலை முடிந்த மாலையிலோ ஞாயிறன்றோ தோட்டத்திலேயே நடத்தலாம். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வாராதாயின், கடிதம் அனுப்பிக் காத்திராது லயத்துக்கே சென்று விசாரித்தல் நன்று.

இரக்கத்தின் பேரால் பாடத்தின் தரத்தைத் தாழ்த்துதலோ பெருந்தீங்காம். வறிய பிள்ளைக்கு வேண்டியது எளிய பாடமன்று. கடினமான பாடத்தைக் கற்பதற்கான துணையே. அத்துணையை நாளும் அளிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் வகுப்பாசிரியரே.